பை மாட்டிய குச்சி

பாலைநிலச் செடிகளைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் ஆய்வாளரிடம்தான் வருவார்கள். வராவிட்டால் அவரே போய்ச் சொல்லிவிட்டு வருவார். அவர் எழுதிய செடிக் கையேடு ஐந்து பதிப்பு கண்டது. அதில் ஒரு மஞ்சள் பூப் புதரைப் பற்றி அவரே படித்துப் படித்து ரசிக்கும் வரி ஒன்று உண்டு: 'மழையில்லாத மாதங்களில் இலையெல்லாம் உதிர்த்துச் செத்த குச்சி போல நிற்கும், ஏமாற வேண்டாம்.'

வறண்ட ஓடைகளின் சரளை மண்ணில் மட்டுமே வளரும் அபூர்வப் புதர் அது. அப்படியோர் ஓடையின் குறுக்கே சாலை போடத் திட்டம் வந்தது. அங்கே அந்தப் புதர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல இவரைத்தான் அனுப்பினார்கள். நல்ல கோடையில் போய் மூன்று நாள் வெயிலில் வெந்தார். வாகாக நின்ற ஒரு காய்ந்த குச்சியில் பையை மாட்டிவிட்டு, ஓடை முழுக்கக் குனிந்து குனிந்து தேடினார். 'இல்லை' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சும்மா இருக்காமல், தாம் வேலை செய்யும் படம் ஒன்றையும் நாலாம் பக்கத்தில் சேர்த்தார்.

இரண்டு மாதம் கழித்து மழை கொட்டித் தீர்த்தது. கோடையில் அவரை அங்கே கூட்டிப்போன அலுவலக ஜீப் ஓட்டுநர், மறுபடி அந்தப் பக்கம் போய்வந்து கைப்பேசியை நீட்டினார்.

"சார், நீங்க பை மாட்டின ஸ்டாண்டு பூத்திருக்கு."

அது வேறு இடம் என்று ஆய்வாளர் அடித்துச் சொன்னார். ஓட்டுநர் கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கினார். பின்னாலிருந்த பிளந்த பாறையை விரலால் தொட்டுக் காட்டினார். நாலாம் பக்கத்தைப் புரட்டினால் அதே பாறை, அதே குச்சி, அதில் பை. பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிபுணர்.

திங்கட்கிழமை மண்வெட்டும் இயந்திரம் வருகிறது. துறைத் தலைவர் பதவிக்கு அவர் பெயரும் போயிருக்கிறது. ஓட்டுநர் வெளியே சொல்லக்கூடிய ஆள் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கணக்குப் போட்டார்.

ஐந்து பதிப்புக்கும் பிழை திருத்திய மனைவி கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "ஏமாற வேண்டாம்னு யாருக்குங்க எழுதினீங்க?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று நாளும் தாம் தேடியது தம் பையைச் சுமந்துகொண்டு பொறுமையாக நின்றிருக்கிறது என்று நினைத்தபோது, அந்தச் செடியிடமே மன்னிப்புக் கேட்கலாம் போலிருந்தது.

மறுநாள் அலுவலக இயக்குநரிடம் போய், அந்தப் புதர் அங்கே இருக்கிறது என்றார். இயக்குநர் சந்தேகமாகக் கேட்டார், மழைக்குப் பிறகு புதிதாக முளைத்ததாக இருக்கலாமே என்று. நல்ல வழிதான், தலையாட்டினால் தப்பித்துவிடலாம். ஆய்வாளர் நாலாம் பக்கத்தை விரித்து வைத்தார்.

"அப்பவே இருந்தது சார். பைய மாட்டினது நான்தான்."

சாலை வேறு வழியில் திரும்பியது. பதவி வேறொருவருக்குப் போனது. அலுவலகத்தில் அவருக்கு 'ஸ்டாண்டு' என்று பெயர் நிலைத்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கிறார்.

கையேட்டின் ஆறாம் பதிப்பில் அந்த வரி அப்படியே இருக்கிறது. கீழே அறிக்கையின் நாலாம் பக்கத்துப் படம். அதற்கடியில் அவரே புதிதாக எழுதிச் சேர்த்தது: 'பை, இந்நூலாசிரியருடையது.'