கழிப்பறைச் சாவி

ஆடைத் தொழிற்சாலையில் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். சாவி மேற்பார்வையாளரின் சட்டைப் பையில் இருந்தது. போய்க் கேட்டால், "இப்பதானே போயிட்டு வந்தே?" என்பார், எல்லார் காதிலும் விழும்படி. பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள்.

மனு கொடுக்கலாம் என்றார்கள் சிலர். காலர் தைப்பவள் ஒத்துக்கொள்ளவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவள் அவள்.

"முதல்ல கையெழுத்துப் போட்டவளத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல போய் சாவி கேப்போம். கேக்கறது தப்புன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?"

தையல் பிரிவு சரி என்றது. பேக்கிங் பிரிவு அசைந்து கொடுக்கவில்லை. அங்கே எல்லாரும் ஒருத்தியின் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள். அவள் காலர்காரிக்கு ஓரகத்தி, மூத்த மருமகள். வீட்டைப் பாகம் பிரித்தபோது மாடி யாருக்கு என்று முட்டிக்கொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

காலர்காரி வேறொருத்தியைத் தூது அனுப்பிப் பார்த்தாள். "வேணுங்கறவளுக்குக் கால் இல்லையா?" என்று பதில் வந்தது.

வேறு வழியில்லாமல் அவளே போய் நின்றாள். ஓரகத்தி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

"அக்கா," என்றாள் காலர்காரி.

"மாடி விஷயம்னா வீட்டுல பேசு."

"அத நான் விடறதா இல்ல. இது சாவி விஷயம்."

ஓரகத்தி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எங்க பக்கம் ஒரு பொண்ணு மாசமா இருக்கா. நேத்து அழுதுட்டா. அவளுக்காக வரேன், உனக்காக இல்ல. ஆனா நினைச்ச நேரத்துல கேக்காதே. சரக்கு ஏத்த லாரி வந்து நிக்கறப்ப கேக்கணும். அப்பதான் அவங்களுக்குச் சுடும்."

இது தனக்குத் தோன்றவில்லையே என்று காலர்காரிக்கு எரிச்சலாக இருந்தது.

லாரி வந்தது. தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பூட்டிய கதவின் முன் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். மேற்பார்வையாளர் கையைப் பிசைந்தார். மேலாளரே இறங்கி வந்தார்.

"யாரு தூண்டிவிட்டது?"

"வயித்தக் கேளுங்க சார்," என்றாள் ஓரகத்தி.

வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. வெளியே லாரி ஹாரன் அடித்தது. மேலாளர் பூட்டைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பெண்கள் ஓரகத்தியைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்து மின்விசிறிகளைக் கேட்போம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். காலர்காரி பக்கத்தில் போய் நின்றாள். யோசனை என்னுடையது என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"கட்டிங் பிரிவுல நான் பேசறேன்," என்றாள்.

ஓரகத்தி திரும்பிப் பார்த்தாள். "பேசு. ஆனா கத்தாதே."