ஒரு மில்லி விநாடி

சாந்தன்பாறைக்கு மேலே உள்ள அந்த ஏலக்காய் எஸ்டேட்டுக்கு நெட்வொர்க்கைச் சரிபார்க்க நான் போய்ச் சேர்ந்தபோது, தொழிலாளி செபமாலையம்மாளின் பெயர் ஆள் பட்டியலிலிருந்து வெட்டுப்பட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. பத்து நாள் சொல்லாமல் வராதவர் பெயரைக் கம்ப்யூட்டரே நீக்கிவிடும். பெயர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். சனிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது.

"நா ஒரு நா தப்பல தம்பி," என்றாள். "காலைல வந்து வெரல வைக்கேன், அதுவும் தேங்க் யூங்குது. வராதவளுக்கா தேங்க் யூ சொல்லும்?"

விரல் எந்திரம் பொய் சொல்லவில்லை. அவள் வருகையை வாங்கித் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது. பாலக்காட்டுத் தலைமை அலுவலகத்துக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. அந்தப் பிரிவில் மற்ற எல்லாரும் அஸ்ஸாமிலிருந்து வந்த ஒப்பந்த ஆட்கள்; அவர்களுக்குத் தாளில் கையெழுத்து. நிரந்தரத் தொழிலாளி என்று மிச்சம் இருந்தது அவள் ஒருத்தி. பதினோரு நாளாக யாரும் கவனிக்காததற்கு அதுவே காரணம்.

ஃபீல்டு ஆபிசர் ஸ்ரீஜித் கையை விரித்தான். "நெட்டெல்லாம் ஓகே இக்கா. நீங்க போன்ல சொன்ன மாதிரி ரவுட்டர் மாட்டுன அன்னிக்கே பிங் போட்டேனே. ரிப்ளை வந்துச்சே."

"இப்பப் போடு, பாப்போம்."

போட்டான். பாலக்காட்டு சர்வரின் எண்ணுக்கு, இருக்கிறாயா என்று ஒரு கேள்வி. இருக்கிறேன் என்று பதில். பக்கத்தில் அதற்கு ஆன நேரம்: ஒரு மில்லி விநாடி.

இங்கிருந்து கிளம்பி, விபிஎன் என்கிற பூட்டிய சுரங்கத்துக்குள் புகுந்து, பாலக்காட்டு கேட்வே வழியாக சர்வரைத் தொட்டுத் திரும்ப நாற்பது மில்லி விநாடியாவது ஆகவேண்டும். என் அத்தாவுக்குப் பாலக்காட்டில் ஜவுளிக்கடை. சொன்ன விலைக்கு உடனே தலையாட்டும் ஆள் வந்தால், அவர் கொடுத்த நோட்டை அத்தா வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அந்தக் கடையில் வளர்ந்த நான், ரிப்ளை வருது என்று கேட்டதும், எவ்வளவு நேரத்தில் என்று கேட்காமல் போனை வைத்திருந்தேன்.

"அந்தப் பிரிண்டரை அணை."

அணைத்தான். பதில் நின்றது. சர்வர் என்று நினைத்து நாங்கள் நலம் விசாரித்துக்கொண்டிருந்தது மூலையில் கிடந்த பிரிண்டரை.

தப்பு என்னுடையதுதான். இடி விழுந்து எஸ்டேட் ரவுட்டர் எரிந்துபோயிருந்தது. ஜோடியாகத் தந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று அடித்துப் பேசி நான் வாங்கிய இரண்டில் ஒன்று பாலக்காட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மலையேறும் ஒரு நாளை மிச்சம் பிடிக்க, மற்றதை பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். அதோடு வந்த எண் வரிசையை மாற்றவில்லை. இரண்டு ஊருக்கும் ஒரே கதவிலக்கங்கள்: அங்கே சர்வர் பத்து, இங்கே பிரிண்டரும் பத்து. பத்தாம் எண் இங்கேயே இருக்கும்போது எந்திரம் ஏன் சுரங்கத்துப் பக்கம் திரும்பும்?

எஸ்டேட்டுக்கு வேறு வரிசை கொடுத்தேன். பாலக்காட்டு கேட்வேயில் அதற்கு வழி எழுதினேன். பதில் நாற்பத்தெட்டு மில்லி விநாடியில் வந்தது. எந்திரம் பதினோரு நாளையும் மொத்தமாக அனுப்பியது. அத்தனையும் திரும்பி வந்தன: 114 என்ற அவளுடைய எண்ணில் யாரும் இல்லை.

தலைமை அலுவலகத்தில் ஆட்கள் விவகாரம் பார்க்கும் மாதுரியைக் கூப்பிட்டேன். "தப்பு என்னோடதுன்னு எழுதித் தரேன் மேடம். லேபர் ஆபிசுக்கும் ஒரு காப்பி."

"என்னத்துக்கு ஜாஸிம்? இடின்னு எழுதுங்கோ. இடிக்கு யாரும் பொறுப்பில்லையோன்னோ. உங்க காண்ட்ராக்டும் நிக்கும்."

பேரம் என்று தெரிந்ததும் எனக்கு உடம்பில் தெம்பு வந்தது. "அந்தக்கா நாளைக்கே வேலைக்கு வரணும். வீட்டைத் தொடக்கூடாது. அப்படின்னா இடி."

"சரி," என்றாள். உடனே.

அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் எடுத்து அனுப்பினேன். சுரங்கம் நன்றாக வேலை செய்தது.

"வீடு தப்பிச்சுதுக்கா," என்றேன். அவள் கட்டன்சாயா போட்டுத் தந்தாள். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலை, ஊருக்குக் கிளம்புமுன் எந்திரத்தை ஒரு தடவை பார்க்கப் போனேன். ஸ்ரீஜித் அவள் விரலைப் புதிதாகப் பதிந்துகொண்டிருந்தான்.

"நம்பர் 231 இக்கா. பாலக்காட்டுலேருந்து வந்திருக்கு. நியூ ஜாயினிங்."

வெளியே போய் மாதுரியைக் கூப்பிட்டேன்.

"பழைய சர்வீஸ் வேணும்னு நீங்க கேக்கலையே ஜாஸிம்," என்றாள். குரலில் கோபமில்லை, குத்தலுமில்லை. "இடின்னு உங்க லெட்டர் ஃபைல்ல இருக்கு."

நான் உள்ளே வந்தபோது செபமாலையம்மாள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்பரு மாறிட்டாம்ல. போவுது, வீடு இருக்கே," என்றாள். பிறகு ஏதோ தட்டுப்பட்டதுபோல நிமிர்ந்தாள். "அப்ப அந்த இருவத்தாறு வருசம் எந்த நம்பர்ல தம்பி இருக்கு?"

நான் ரவுட்டரைப் பார்த்தேன். அதன் பச்சை விளக்குகள் ஒழுங்காகச் சிமிட்டிக்கொண்டிருந்தன.

அவள் விரலை வைத்தாள். தேங்க் யூ என்றது எந்திரம். அவளுடைய முதல் நாள், வழியில் எங்கும் தடைபடாமல், பாலக்காடு போய்ச் சேர்ந்தது.