பட்டியலில் அவள் பாதி

மார்ச் மாதம் பதினெட்டாம் நாள், புதன்கிழமை. விடிந்ததிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. எதிர் மாடியில் உலர்த்திய துணிகள் ஆடாமல் அசையாமல் தொங்கின. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கடையைத் திறந்து, விளக்குகளைப் போட்டு, வில்லை தேய்க்கும் சாணை இயந்திரத்தின் தொட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றினார். வேறு எந்த வேலையையும் தொடுமுன் கைப்பேசியை எடுத்து அன்றைய பாட்டுப் பட்டியலைத் திறந்தார்.

அந்தப் பட்டியலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மணமான புதிதில் அவரும் அவர் மனைவியும் 'அலை' என்னும் பாட்டுச் செயலியில் சேர்ந்தார்கள். அதில் இருவர் தம் கணக்குகளை இணைத்துக்கொள்ளலாம். அவ்வாறு இணைத்தால், இருவருடைய ரசனையையும் கலந்து, நாள்தோறும் காலையில் செயலியே ஒரு பட்டியலைத் தொடுத்துத் தரும். எந்தப் பாட்டு யாருடைய ரசனையிலிருந்து வந்தது என்பதைக் காட்ட, ஓரத்தில் ஒரு சிறு வட்டப் படம் இருக்கும். ஒன்று அவருடைய படம். ஈ உட்கார்ந்தாலும் கலையாத முகம். மற்றது அவளுடையது, முடி காற்றில் பறக்க, படம் எடுப்பவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கும் படம். அதை எடுத்தவர் அவர்தான்.

அவள் வீட்டை விட்டுப் போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. "உங்ககூட இருக்கிறதும் தனியா இருக்கிறதும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பாளோ என்னவோ. பேச வேண்டிய இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது அவர் சுபாவம். அவள் பெட்டியை எடுத்தபோது, "மழை வர மாதிரி இருக்கு, குடையை எடுத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

அவள் போன பின்னும் பட்டியல் வந்துகொண்டே இருந்தது. அவள் படமும் வந்தது. ஒருநாள் மாலை, கடை அடைக்கும் நேரத்தில், செய்த தவற்றை எண்ணி உருகும் ஒருவனின் பாட்டை அவர் கேட்டார். மறுநாள் காலை, அவள் படத்தின் கீழே, சன்னலோரம் காத்து நிற்கும் ஒருத்தியின் பாட்டு வந்து நின்றது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று மாலை வேண்டுமென்றே, இருவரும் முதன்முதலில் சேர்ந்து போன பயணத்தில் பேருந்தில் ஒலித்த பாட்டைப் போட்டார். விடிந்ததும், அதே பயணத்தில் திரும்பி வரும்போது அவள் முணுமுணுத்துக்கொண்டு வந்த பாட்டு பதிலாக வந்தது.

அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. மாலையில் அவர் கேட்பார். காலையில் அவள் பதில் சொல்வாள். உடன் வாழ்ந்த ஆண்டுகளில் பேசாத பேச்சையெல்லாம் அவர் இந்த மாதங்களில் பேசித் தீர்த்தார். எந்தப் பாட்டைப் போடுவது என்று யோசித்தபடியே வேலை செய்ததில், ஒருமுறை ஒருவருடைய வலக்கண் வில்லையை இடப்பக்கத்தில் மாட்டிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அன்று பிற்பகல் நான்கு மணிக்கு அவர் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இருவரும் மனமொத்துப் பிரிவதாக எழுதிய மனு அங்கே தயாராக இருந்தது. அவள் கையெழுத்திட்டுவிட்டாள், அவர்தான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். இன்றோ, 'முடியாது' என்று நேரிலேயே சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். ஏனெனில் அன்றைய பட்டியலின் தலையில், கோபம் தணிந்து வீடு திரும்பும் ஒருத்தியின் பாட்டு இருந்தது. அதன் ஓரத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் மைத்துனன் உள்ளே நுழைந்தான். மனைவியின் தம்பி, நாற்பதைத் தொட்டவன், ஆளுக்கு முன்னால் தொப்பை வந்து வணக்கம் சொல்லும். அக்கா பிரிந்த பின்னும் அவன் மட்டும் மாமாவை விடவில்லை.

"என்ன மாமா, ஊரே கரையேறிடுச்சு. நீங்க மட்டும் இன்னும் அலையிலயே நனைஞ்சுட்டு இருக்கீங்க? பேசாம குமிழிக்கு வந்துடுங்க."

'குமிழி' என்பது வேறொரு பாட்டுச் செயலி. அதன் புகழ் பாடுவதில் மைத்துனனுக்கு அலுப்பே கிடையாது.

"உன் குமிழியில அப்படி என்னடா இருக்கு?"

"உங்க மனசை எக்ஸ்ரே எடுத்த மாதிரி பாட்டுப் பரிந்துரைக்கும் மாமா. வேணும்னா ஒரு போட்டி வெச்சுப் பார்ப்போம்."

அவன் இரண்டு கைப்பேசிகளையும் கண்ணாடி மேசைமேல் அருகருகே வைத்தான். இரண்டிலும் ஒரே பாட்டைப் போடுவது. அது முடிந்ததும் எந்தச் செயலி எதைக் கொண்டுவருகிறது என்று பார்ப்பது. கண்ணாடிக்காகக் காத்திருந்த தையற்காரி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவர்போல உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்தது. அலை, அதே பாடகர் எப்போதோ பாடி யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு பாட்டைத் தேடி எடுத்து வந்தது. குமிழியில் குழந்தைகள் கூட்டமாகச் சேர்ந்து யானைகளை எண்ணத் தொடங்கினார்கள்.

"என்னடா இது, ஆனை ஒண்ணு, ஆனை ரெண்டுங்குது?"

"அது எம் பொண்ணுது மாமா. அதைப் போட்டாத்தான் சோத்துக்கு வாயைத் திறப்பா."

"அப்போ உனக்கும் உம் பொண்ணுக்கும் வித்தியாசம் தெரியல, உன் எக்ஸ்ரேவுக்கு."

"எங்க வீட்டுலயே யாருக்கும் தெரியல மாமா. ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் திட்டுறாங்க."

தையற்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்க பாட்டுச் சண்டை அப்புறம் இருக்கட்டும். என் கண்ணாடியைக் குடுங்கய்யா. ஊசியில நூல் கோக்க முடியாம ரெண்டு நாளா கையைக் குத்திக்கிட்டு இருக்கேன்."

கடைக்காரர் அவளுக்குக் கண்ணாடியை மாட்டி, காதோரம் வளைவைச் சரிசெய்து அனுப்பிவைத்தார். மைத்துனன் விடுவதாக இல்லை.

"குழந்தைக்குத் தனிக் கணக்கு ஆரம்பிச்சா அந்தக் குறையும் போயிடும் மாமா. உங்களுக்கு என்னதான் தயக்கம்?"

வெற்றி பெற்ற களிப்போ, பிற்பகலைப் பற்றிய நம்பிக்கையோ, அன்று அவருக்கு வாய் திறந்துவிட்டது.

"இதை விட்டு வர முடியாது மாப்ள. உங்க அக்கா இதுலதான் இருக்கா."

"யாரு? அக்காவா?"

"யார்கிட்டயும் சொல்லாதே. நாங்க பேசிக்கிறோம். இதோ பாரு, நேத்து சாயங்காலம் நான் இதைப் போட்டேன். காலைல அவ இதைப் போட்டிருக்கா. வீட்டுக்குத் திரும்பி வர்ற பாட்டு. பாரு, அவ படம்." அவர் விரல் அந்தச் சிறு வட்டத்தின்மேல் நின்றது. "இன்னிக்கு நான் கையெழுத்துப் போடப் போறதில்ல."

மைத்துனன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மாமா, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா அலையைத் தொட்டே ஒரு வருஷம் ஆகுது. இங்கேருந்து வந்த வாரமே எங்க வீட்டுக் குமிழித் திட்டத்துல சேர்த்துட்டேன்."

"அப்போ இந்தப் பாட்டெல்லாம்?"

"அவ முன்னாடி கேட்டதெல்லாம் அதுகிட்ட அப்படியே இருக்கு. நீங்க இன்னிக்கு எதைப் போடுறீங்களோ, அதுக்கு ஒத்து வர்றதை அவளோட பழசுலேருந்து தேடி எடுத்துப் போடுது. நீங்க உருகினா அதுவும் உருகும். நாளைக்கே நீங்க சண்டைப் பாட்டாப் போட்டீங்கன்னா, அக்காவும் சண்டைக்கு வருவா." சொல்லி முடித்ததும் அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தாம் எறிந்த குரலையே தாம் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தோம் என்பது கடைக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது.

"அதுல அவ இருக்கிறதைக் காட்டு" என்றார்.

மைத்துனன் தயங்கித் தயங்கிக் குமிழியின் குடும்பப் பக்கத்தைத் திறந்தான். அங்கேயும் வட்டப் படங்கள். அவற்றுள் ஒன்றில் அவள் இருந்தாள். முடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தாள், கண்ணாடி அணிந்திருந்தாள். அவளுக்குக் கண் மங்கியது அவருக்குத் தெரியாது. யாரோ ஒருவர் அவள் முன்னே அமர்ந்து, இரு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்திருக்கிறார். யாரோ ஒருவர் அவளிடம், "இந்த எழுத்து தெரியுதா? இப்ப?" என்று கேட்டிருக்கிறார். பாட்டைப் பற்றிக் கேட்டதைவிட இதுவே அவரை அதிகம் வாட்டியது. அந்தக் கண்ணாடிச் சட்டம் அவள் முகத்துக்குச் சற்று அகலம் என்பதையும் அவர் கண்கள் அவரைக் கேளாமலே கண்டுகொண்டன.

கைப்பேசியை அவன் பக்கமே தள்ளி, "நான் கையெழுத்துப் போட்டுடுறேன்" என்றார்.

"அப்போ குமிழிக்கு மாத்திடட்டுமா மாமா? பழைய பட்டியலை எல்லாம் ஒண்ணு விடாம தூக்கிட்டு வந்துடலாம்."

"பாட்டு வரும். அவ வருவாளா?"

மைத்துனனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "வரமாட்டா மாமா. அவ கேட்டுக் கேட்டுப் பழக்கினது அந்தக் கணக்கோடதான் இருக்கும். அதைத் தூக்க முடியாது."

"அப்போ நான் இங்கேயே இருந்துக்கிறேன். இன்னிக்கு இருக்கிறவ போகட்டும்டா. அன்னிக்கு இருந்தவ இருக்கா இல்ல? அவ எனக்குப் போதும்."

இனி அவரிடம் எஞ்சியது அதுவொன்றே என்பதை மைத்துனனும் அறிந்தான். அதற்குமேல் அவன் குமிழியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நான்கு மணிக்கு முன்னதாகவே அவர் போய்ச் சேர்ந்தார். வழக்கறிஞரின் அறைக்கு வெளியே ஒரு நீள இருக்கை. எதிரே இலைகளில் தூசி படிந்த ஒரு செடி. மனுவின் நகலை வாங்கிக்கொள்ள வந்த அவள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?"

"ம். நீ?"

"ம்."

கண்ணாடி அவள் மூக்கில் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் விரலால் ஏற்றிக்கொண்டே இருந்தாள். அவர் கையை நீட்டினார். "குடு. லூசா இருக்கு." அவள் கழற்றிக் கொடுத்தாள். அவர் அதன் காதுப்பட்டைகளை உள்ளங்கைச் சூட்டில் சற்று நேரம் வைத்திருந்து, மெதுவாக வளைத்துத் திருப்பித் தந்தார். மாட்டிப் பார்த்தவள், "இப்பதான் ஒழுங்கா நிக்குது" என்றாள். அவள் குரலில் நன்றி இருந்தது, வேறொன்றும் இல்லை.

அறிவு ஒப்புக்கொண்டதை மனம் ஒப்புக்கொள்ளவில்லைபோலும். அவர் கைப்பேசியை எடுத்து, காலையில் வந்த பாட்டைத் தாழ்ந்த ஒலியில் ஓடவிட்டார். மணமான முதல் ஆண்டில் அவள் இதைப் போட்டுப் போட்டு, மேல்வீட்டுக்காரர்கூட மனப்பாடம் செய்திருந்தார்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நல்லா இருக்கே. யாரு பாடினது?"

அவர் பாடகியின் பெயரைச் சொன்னார்.

"அப்படியா? கேட்ட மாதிரியே இல்ல."

உள்ளேயிருந்து அழைப்பு வந்தது, இருவரும் போனார்கள். வழக்கறிஞர் மனுவைப் புரட்டிப் புரட்டிக் காட்ட, காட்டிய இடமெல்லாம் அவர் கையெழுத்திட்டார். வழக்கறிஞர் நகல் எடுக்க உள்ளறைக்குப் போனார். மேசைமேல் கடைக்காரர் வைத்திருந்த கைப்பேசியின் திரை இன்னும் அணையாமல் இருந்தது. அவள் பார்வை அதில் விழுந்தது.

"ஐயோ, இந்தப் படம் இன்னும் இருக்கா? நான் இன்னும் உங்க கணக்கோட ஒட்டிட்டு இருக்கேனா?"

"இருந்துட்டுப் போகட்டும்."

"அது எப்படி? நீங்க பாட்டுக் கேக்க வர்ற இடத்துலயும் நான் வந்து நிக்கணுமா? நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும். மன்னிச்சுக்கோங்க."

அவள் தன் கைப்பேசியில் அலையைத் தேடி இறக்கினாள். மறந்துபோன கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் புதியதைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு படியிலும் அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். இறுதியாகத் திரையில் வந்த வாசகத்தை அவள், அவருக்கும் கேட்கும்படி, வாய்விட்டுப் படித்தாள்: கணக்கை அழித்தால் இதுவரை கேட்டவை அனைத்தும் நீங்கும், அவற்றை மீட்க இயலாது.

"அழிச்சுடட்டுமா? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

அவள் நல்ல மனத்தோடுதான் கேட்டாள். அவரைப் பழைய சுமையிலிருந்து விடுவிப்பதாகவே நினைத்தாள். அவர் வாயைத் திறந்தார். 'வேண்டாம்' என்னும் சொல் தொண்டைவரை வந்தது. எதற்காக வேண்டாம் என்று அவள் கேட்பாள். அப்போது, நீ இங்கே இருக்கும்போதே உன்னை எனக்கு அந்தப் பட்டியலில் வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது என்று சொல்ல வேண்டியிருக்கும். அதை ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்?

"எனக்கென்ன?" என்றார்.

அவள் அழுத்தினாள்.

அவர் திரையில் பட்டியல் ஒருமுறை மங்கி, மீண்டும் தெளிந்தது. சிரித்த முகம் இருந்த இடங்களில் எல்லாம் ஒன்றும் இல்லை. பாட்டுகள் பாதியாகக் குறைந்திருந்தன. மிஞ்சியவற்றின் ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, அவருடைய முகமே இருந்தது.

"போயிடுச்சு" என்றாள் அவள், மெல்லப் புன்னகைத்து.

சுவர்க் கடிகாரத்தில் அப்போது மாலை மணி நான்கு நாற்பத்திரண்டு.