ஒன்றரை மடங்கு வேகம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பெயர் வாயாடி. சும்மா வந்த பெயரில்லை. கண்ணாடி வாங்க வந்தவரிடம், "இந்த ஃப்ரேம் வேண்டாம் சார், உங்க மூக்கு கோவிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, அவரையே சிரிக்க வைத்து வேறொன்றை எடுத்து மாட்டிவிடுவாள். எதைக் கேட்டாலும் கருத்து ரெடி. கேட்காவிட்டாலும் ரெடி.

கடையில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம், அவள் செல்போனில் 'சும்மா சொன்னேன்' என்று ஒரு பக்கம் நடத்திவந்தது. பெயரும் இல்லை, முகமும் இல்லை; ஒரு பூனைப் படம்தான், எழுதுவது ஒரு பெண் என்பது மட்டும் தெரியும். புது ஹிப் ஹாப், புது பாப் ஆல்பம் எது வந்தாலும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் கேட்பாள், இறங்குவதற்குள் எழுதிவிடுவாள். 'பன்னிரண்டு பாட்டிலும் ஒரே ஆளைத்தான் திட்டுறாங்க. அந்த ஆளுக்கும் சம்பளத்துல பங்கு குடுத்திருக்கலாம். ஆறு மார்க்.' 'அண்ணன் ஏழு பாட்டு தன் காரைப் பத்தியே பாடிட்டார். எட்டாவதுல பெட்ரோல் தீர்ந்துபோச்சு. நாலு மார்க்.' இப்படி. படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அவள் எதை வேண்டுமானாலும் எழுதுவாள், அதுதான் வினை.

புதன்கிழமை யாரோ ஒரு ஆல்பத்தை அனுப்பி, எப்படி என்று கேட்டிருந்தார்கள். 'உள்ளறை' என்ற பெயரில் யாரோ ஒருவர் தனியாகச் செய்திருந்த ஏழு பாட்டு. அவள் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் இடத்தில் அது இல்லை, வீடியோவாகத்தான் இருந்தது. அங்கேயே போட்டுக் கேட்டாள். கேட்டாள் என்றா சொன்னேன்? ஒவ்வொன்றிலும் பாதி. ஏழாவது பாட்டு, செத்துப்போன அம்மாவைப் பற்றி. நிறுத்தம் வந்துவிட்டது. எழுதினாள்:

'இந்த அண்ணனை யாராவது பிடிச்சு உட்கார வெச்சு ஒரு டம்ளர் தண்ணி குடுங்கப்பா. மூச்சே விட மாட்டேங்குறார். அம்மா செத்ததைச் சொல்லும்போதுகூட பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். ரெண்டு மார்க், அதுவும் ஓடினதுக்கு.'

அன்று ராத்திரிக்குள் நாலாயிரம் பேர் அதைப் பகிர்ந்துவிட்டார்கள். வாயாடிக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடையின் பின்பக்கத்து அறையில் டப்பென்று ஒரு சத்தம். லென்ஸ் உடைந்திருந்தது. அந்த அறை லென்ஸ் அண்ணனுடையது. லென்ஸை மெஷினில் உரசி, ஃப்ரேமுக்குத் தக்க வடிவம் கொண்டுவந்து பூட்டுவது அவர் வேலை. நிதானத்துக்குப் பெயர்போனவர். ஒரு வாக்கியத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்று வாயாடி அவர் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்வாள். அவர் கையில் ஒரு லென்ஸ் உடைந்து யாரும் பார்த்ததில்லை.

"என்னாச்சு அவருக்கு?" என்று முதலாளியம்மாவிடம் கேட்டாள்.

"சத்தம் போடாதே. அவனே நொந்துபோயிருக்கான். ரெண்டு வருஷமா மத்தியானம் சாப்பிடுற நேரத்துல அந்த ரூமுக்குள்ள உக்காந்து எழுதிப் பாடின பாட்டெல்லாம் வெளியிட்டிருக்கான். எவளோ ஒருத்தி கண்டபடி எழுதிட்டாளாம். ஞாயித்துக்கிழமை ஒரு அரங்கத்துல பாடுறதா இருந்துச்சு. முந்தாநேத்து ராத்திரியே போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டான்."

"என்ன பாட்டு?"

முதலாளியம்மா கடைக் கம்ப்யூட்டரில் போட்டார். உள்ளறை. அதே படம், அதே முதல் வரி. ஆனால் பாட்டு வேறு. ஒவ்வொரு சொல்லையும் மேசையில் எடுத்து வைப்பதுபோல் நிதானமாக வந்தது. 'லென்ஸ் ரெடிம்மா' என்று தினமும் சொல்லும் அதே குரல். இந்தக் குரலா அவளுக்குத் தெரியாமல் போனது?

போனை எடுத்துப் பார்த்தாள். வீடியோவின் ஓரத்தில், சின்னதாக, ஒன்றரை மடங்கு வேகம்.

அவள் தபாலில் கம்ப்யூட்டர் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாட வீடியோக்களில் வாத்தியார் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் தூங்கி எழுவார். அதற்காக ஒரு மாதம் முன்பு வைத்த வேகம், மாற்றவே இல்லை. உள்ளறை ஓடவில்லை. ஓடவிட்டது இவள்.

ஐயோ! உடனே அந்தப் பதிவை அழித்தாள். அழித்து என்ன பிரயோஜனம்? நாலாயிரம் பேர் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அந்த நாலாயிரம் பேரும் இவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, பூனைப் படம்தானே. அவளுக்கு முதலில் தோன்றியது இதுதான், அதை மறைப்பானேன்.

உள்ளே போனாள். "அண்ணே, எவளோ ஒருத்தி, வேலைவெட்டி இல்லாதவ, எழுதினதுக்கெல்லாம் மனசை விடலாமா? ஞாயித்துக்கிழமை போய்ப் பாடுங்க."

தன்னையே 'எவளோ' என்று சொல்லிவிட்டு நிற்க அவளுக்கு எப்படித்தான் கால் வந்ததோ!

அவர் உடைந்த லென்ஸ் துண்டுகளைக் காகிதத்தில் கூட்டிக்கொண்டிருந்தார். "இல்லம்மா. அந்தப் பொண்ணு சொன்னதுலயும் விஷயம் இருக்கும். நான் மெதுவாப் பேசுற ஆளு. மைக்கைப் பார்த்ததும் என்னை அறியாம ஓடிடுறேனோ என்னமோ." மடித்த காகிதத்தைக் குப்பையில் போட்டார். "ரெண்டு ராத்திரி உக்காந்து அம்மா பாட்டை இன்னும் மெதுவாக்கிப் பார்த்தேன். நீதான் நிறையப் பாட்டு கேக்குற பொண்ணாச்சே. கேட்டுச் சொல்லேன்."

போனில் போட்டுக் காட்டினார். இழுவை என்றால் அப்படி ஓர் இழுவை. நல்ல பாட்டைத் தண்ணீர் ஊற்றிக் கெடுத்து வைத்திருந்தார், இவள் பேச்சைக் கேட்டு. முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். "சொல்லும்மா. உனக்குத் தெரியும்."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அந்த எவளோ நான்தான்."

அவருக்குப் புரியவில்லை. அவள் பூனைப் படத்தைக் காட்டினாள், வீடியோ ஓரத்திலிருந்த எண்ணைக் காட்டினாள், பாட வாத்தியாரைச் சொன்னாள். சொல்லச் சொல்ல வார்த்தை தடுக்கியது. கடையே சிரிக்கப் பேசும் வாய்!

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அம்மா பாட்டையும் இப்படித்தான் கேட்டியா?"

"ஆமாண்ணே."

"முழுசா?"

"பாதிதாண்ணே. பஸ் நிறுத்தம் வந்துடுச்சு."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வாயாடி அங்கேயே நின்று எழுதினாள்: 'உள்ளறை ஆல்பத்தை ஒன்றரை மடங்கு வேகத்துல, அதுவும் பாதிப் பாதியா கேட்டுட்டு எழுதினேன். தப்பு முழுக்க என்னோடது.' பூனைப் படத்தை எடுத்துவிட்டுத் தன் படத்தைப் போட்டு அனுப்பினாள். நிமிஷத்தில் சிரிப்பு கொட்ட ஆரம்பித்தது. இந்தத் தடவை இவளைப் பார்த்து.

"இப்பவாவது அரங்கத்துக்குப் போன் பண்ணுங்கண்ணே."

பண்ணினார். "சரிங்க... பரவாயில்லைங்க" என்று இரண்டே வார்த்தை பேசிவிட்டு வைத்தார். "அந்த நேரத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்றாங்க."

அவள் அழுதாள். "திட்டுங்கண்ணே. ரெண்டு அறை வேணும்னாலும் குடுங்க."

அவர் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். "உக்காரு. முதல்ல கேளு." தன் ஹெட்போனை அவள் காதில் மாட்டி, பழைய பாட்டைச் சரியான வேகத்தில் போட்டார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்திருக்கும் மகன். உள்ளே போன டாக்டர். மூன்றாவது நிமிஷத்தில் கதவு திறக்கிறது, பாட்டு நின்றுபோகிறது. தாளம் இல்லை, குரல் இல்லை. ஒரே ஒரு மூச்சு மட்டும், உள்ளே இழுத்து, நெஞ்சில் நிறுத்தி, மெல்ல வெளியே விடும் சத்தம். அதன் பிறகுதான் அடுத்த சொல் வந்தது. மூச்சே விட மாட்டேங்குறார் என்று எழுதியிருந்தாள்.

பாட்டு முடிந்தது. ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தாள்.

"இப்ப சொல்லு" என்றார்.

"இன்னொரு தடவை கேக்குறேண்ணே" என்று வாயாடி ஹெட்போனைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து போட்டாள். அவர் புது லென்ஸை எடுத்து வைத்து மெஷினைப் போட்டார்.