சட்டைக்கை

...சட்டைக்கைதான், வேறென்ன, சட்டைக்கை வின்ச்சில் மாட்டியது, கூடவே கையும் போனது, இதையே எத்தனை முறை நினைப்பது, வேலையைப் பார் வினிதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரையைப் பார்த்தாள். விசைப்படகில் வலையை இழுக்கும் வின்ச்சுக்கு ஒரு காப்புக்கூடு, திருவொற்றியூரின் இந்தச் சின்ன டிசைன் ஆபீசில் அவளே கேட்டு வாங்கிய வேலை... காசிமேட்டில் மீனவக் குடும்பத்தில் பிறந்து, அண்ணன் ரஞ்சித்தின் வலது கை வின்ச்சில் போனதையும் பார்த்தபின் வேறு எதை வரைவாள்? இன்று மாலைக்குள் முதல் வடிவத்தை முடிவு செய்தாக வேண்டும், மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் படகுகளில் மாட்டிவிடுவார்கள், அப்புறம் மாற்ற முடியாது. ஏ.ஐ.யிடம் அவள் எழுதிய முதல் வரியே 'தளர்ந்த சட்டைக்கை சிக்காமல்' என்பதுதான். அது போட்ட படமெல்லாம் உருளையைச் சுற்றி மூடிய கூடு, விதவிதமாக, கலர் கலராக, சரிதானே என்றால் மிகச் சரியான அணுகுமுறை என்கிறது, புது மாப்பிள்ளை மாதிரி எதற்கும் தலையாட்டுகிறது. பக்கத்து மேசை ஷாரிக் எட்டிப் பார்த்தான். 'எல்லாம் ஒரே மாதிரி கீதே வினிதா. வேற எப்டினா கை மாட்டுனா? உங்க அண்ணன்கிட்ட ஒருக்கா கேளேன்.'

வேற எப்படி... அப்போதுதான் அண்ணனின் அந்தச் சட்டை நினைவுக்கு வந்தது, பொங்கலுக்கு எடுத்த கோடு போட்ட சட்டை, அறுந்த கையைச் சுற்றிக் கொண்டுபோனது, ஆஸ்பத்திரியில் கேரி பேக்கில் போட்டுக் கொடுத்தார்கள், அம்மா அதைத் தூக்கிப் போட மனசில்லாமல் அலசி அலசித் துவைத்தாள், பிழிவதற்கு இவளைக் கூப்பிட்டாள், சட்டையின் ஒரு கையை அம்மா பிடித்தாள், மறு கையை இவள், எதிரெதிராக முறுக்கினார்கள். சட்டையின் இரண்டு கையும் முழுசாக இருந்தன. ஒரு நூல் பிரியவில்லை. அப்படியானால் அவன் சட்டையே போட்டிருக்கவில்லையா? ஆஸ்பத்திரி வாசலில் படகு டிரைவர் எத்திராஜ் மாமாதான் சொன்னார், 'சட்டக்கை மாட்டிக்கிச்சும்மா', அதை அம்மா சொன்னாள், அம்மா சொன்னதைத் தெருவே சொன்னது, அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, அவனிடம் யாரும் கேட்கக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. சிக்கிய கயிற்றை எடுக்கக் கையை விட்டானா, அப்படியென்றால் இந்தக் கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொருவனும் கையை விடுவான், இன்னொரு கை போகும்... இல்லை, கடலுக்குப் போகமாட்டேன் என்று அந்த மாசம் முழுக்க அம்மாவோடு சண்டை போட்டானே, வேண்டுமென்றே கையைக் கொடுத்தானோ... சீ, என்ன நினைப்பு இது. பயமாக இருந்தது. கயிற்றை எடுக்கக் கையை விட்டிருந்தால் என்று ஏ.ஐ.யிடம் எழுதினாள். அருமையான கேள்வி, அதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று அதே உற்சாகத்தோடு வேறு படம் போட்டது. இதற்கும் ஆமாவா, இதனிடம் கேட்டு என்ன பயன், தெரிந்தவன் ஒருத்தன்தான்.

வாசலுக்கு வந்து ஃபோன் செய்தாள், கன்டெய்னர் லாரிகளின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். 'இன்னாம்மா, ஆபீஸ் டைம்ல?' குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. 'ஒண்ணுமில்லண்ணே, வின்ச்சு வேலை பண்ணிக்கினு கீறேன்ல, அதான்...' எப்படிக் கேட்பது, நீயாகவா கையை விட்டாய் என்று கேட்பதா. 'அன்னிக்கு உனுக்கு... சட்டக்கை மாட்டிக்கிச்சு, அதானேண்ணே?' ஒரு லாரி முழுசாகக் கடந்து போனது. 'ஆமாம்மா, அதான். அப்டியே போட்டுக்கோ' என்று சொல்லி வைத்துவிட்டான்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். 'கேட்டியா?' என்றான் ஷாரிக். கேட்டேன் என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது, எங்கே கேட்டேன், பதிலையும் நானேதானே எடுத்துக் கொடுத்தேன், அண்ணன் ஆமா என்றது எனக்காக... இல்லை என்று சொல்ல அவனுக்கு நான் இடமே வைக்கவில்லை, வைத்து, அவன் வாயைத் திறந்திருந்தால், நான் தாங்கியிருப்பேனா...