பட்டைக்கு அடியில்

திரையில் இருந்த மனுவின் கறுப்புப் பட்டையின் மேல் மவுஸை இழுத்து, காப்பி செய்து, பக்கத்தில் ஒரு வெற்றுத் தாளில் ஒட்டிக் காட்டினேன். பட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பெயர் முழுசாக வந்து உட்கார்ந்தது. முன்வரிசையில் இருந்த இறுதியாண்டு சட்ட மாணவர்கள் கைதட்டினார்கள். பின்வரிசை வக்கீல்கள், யாரோ பாக்கெட் அடித்துவிட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கோர்ட்டில் எழுந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று தொழிலை விட்டு, வக்கீல்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வந்தவன் நான். இந்த மாதிரி நாலு வித்தைதான் என் சொத்து.

"மேல கறுப்பு அடிச்சா அடியில இருக்கற எழுத்து அழியாது. செவுத்து விரிசல் மேல காலண்டர் மாட்டற மாதிரிதான். தூக்கிப் பாத்தா தெரிஞ்சுடும்," என்றேன்.

எல்லோரும் பின்வரிசைப் பக்கம் திரும்பினார்கள். இந்த இடத்தில் ஆட்சேபணை மேடம் எழ வேண்டும். குடும்ப வழக்குகளில் பேரெடுத்த வக்கீல் அவர். வகுப்பில் நான் எதைச் சொன்னாலும் ஆட்சேபிப்பார் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. போன வாரம் மனுவில் பக்க எண் போடுவதைப் பற்றிச் சொன்னபோது, "இதுக்கா நான் சட்டம் படிச்சேன்?" என்று கேட்டுவிட்டு, மின்விசிறிக்கு அடியில் நாற்காலியை நகர்த்திப் போட்டுத் தூங்கிவிட்டார். லேசான குறட்டை வேறு. இன்றைக்கு ஆட்சேபணை வரவில்லை. லேப்டாப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சியைக் கொடுத்துவிட்டு நானும் போனேன். தாழ்வாரத்துப் படியில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வாத்தியாரே, காலைல ஒரு மனு போட்டுட்டேன். ஆன்லைன்ல."

"எந்த மனு மேடம்?"

"குழந்தை யார்கிட்ட இருக்கணும்ங்கற கேஸு. புருஷன் கதவ ஒடச்சிட்டு வந்து அடிச்சவன். என் கட்சிக்காரி பொண்ணத் தூக்கிட்டு ஓடி வந்து புது வீட்டுல இருக்கா. அந்த அட்ரஸ் அவனுக்குத் தெரியக் கூடாது. நானே உக்காந்து கறுப்பு அடிச்சேன். யாரையும் கேக்கல."

லேப்டாப்பைத் திறந்து கைப்பிடிச் சுவரில் வைத்தார். என் பக்கம் திருப்பினார். நான்தான் பட்டையின் மேல் இழுத்து, காப்பி செய்து, ஒட்டினேன். கதவு எண், இரண்டாவது மாடி, மாவு மில்லுக்கு எதிரில் என்று எல்லாம் வந்தது. படிக்காமல் இருந்திருக்கலாம். கண் சும்மா இருக்கிறதா?

மனுவைக் கோர்ட் ஆபீஸ் ஏற்றுக்கொண்ட மறு நிமிடமே எதிர்த்தரப்பு வக்கீலுக்கு மின்னஞ்சலில் ஒரு பிரதி தானாகப் போய்விடும். காலையில் போட்ட மனு. இப்போது மதியம் ஆகிவிட்டது. கோர்ட்டின் இணையதளம் திறப்பேனா என்று சுற்றிக்கொண்டே இருந்தது. ஆபீஸுக்குப் போன் போட்டார். லைன் பிஸி.

"குடி வந்ததுலேர்ந்து அவ ஜன்னலக்கூடத் தொறக்கல. காலைல நான்தான் சொன்னேன், இனிமே பயமில்லம்மா, தொறந்து வைன்னு. நான் சொல்லித் தொறந்திருப்பா."

பக்க எண் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் நடத்தியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? என் மேலேயே எரிச்சலாக வந்தது. உள்ளே மாணவர்கள் ஒருவர் பட்டையை இன்னொருவர் பிரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி போட்டபோது லைன் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டு, மனு விவரத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ அலுப்பாகப் பேசினார்.

"அந்த மனுவா? காலைலயே ரிட்டர்ன் பண்ணியாச்சே மேடம்."

"ஏன்?"

"பக்க எண் எங்க? ஒரு பக்கத்துலகூட இல்ல. மெசேஜ் அனுப்பினோம், நீங்க பாக்கல போல."

"எதிர்த்தரப்புக்குக் காப்பி போச்சா, இல்லையா?"

"ஏத்துக்கவே இல்லையே மேடம், அப்புறம் எப்படிப் போகும்?"

வேறொரு நாளாக இருந்தால் அந்த ஊழியரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார். இப்போது, "நல்லா இருப்பீங்க. புள்ளகுட்டியோட நல்லா இருப்பீங்க," என்றார். அந்த மனிதர் பயந்துபோய் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

மேடம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போன வாரம் நான் தூங்காம கேட்டிருந்தா?" என்றார்.

"என் பாடம் யார் மண்டையிலயும் ஏறலன்னு இவ்ளோ சந்தோஷப்பட்டதே இல்ல மேடம்."

"ரொம்ப சந்தோஷப்படாதீங்க. வாங்க, அந்தப் பக்க எண்ணச் சொல்லிக்குடுங்க."

உள்ளே வந்து முகவரி வரியையே அடியோடு அழித்தார். முகவரியை மூடிய உறையில் நீதிபதியிடம் தனியாகக் கொடுப்பதாக ஒரு வரி சேர்த்தார். பக்க எண்ணும் போட்டுப் புதுக் கோப்பு உண்டாக்கி, அந்த இடத்தில் மவுஸை இழுத்து, வெற்றுத் தாளில் ஒட்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. நம்பாமல் திரும்பத் திரும்பச் செய்தார். கடைசியில் என்னையும் ஒருமுறை செய்யச் சொன்னார். அப்போதும் வரவில்லை.

அந்த மாவு மில் என் பஸ் போகிற வழியில்தான் இருக்கிறது. தினமும் கடந்து போகிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. சாயங்காலம் பஸ் சரியாக அங்கே சிக்னலில் நின்றது. மாவு வாசனை வந்தது. எதிரில் மாடிக் கட்டிடம் இருக்கும் பக்கம்தான் என் இருக்கை. நான் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அணைந்திருந்த திரையை உற்றுப் பார்த்தேன்.

மேலேயிருந்து ஒரு குழந்தை, பஸ்ஸின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சத்தம் போட்டுப் படித்தது. பிறகு பின்னால் நின்ற பஸ்ஸின் எண்ணையும் படித்தது. எந்த ஜன்னல் என்று எனக்குத் தெரிய வேண்டாம்; பச்சை விழும்வரை நான் தலையைத் தூக்கவில்லை.