கிணற்றுக்குள் ஒரு பேணி

“துலாவிலை கை வையாதேங்கோ!”

ஏரம்புவின் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளப் போனவர்கள் திகைத்து நின்றார்கள். தலைவிரி கோலமாக ஓடிவந்த அவர் மகள் நல்லம்மா, கிணற்றுக் கட்டில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டாள்.

“ஐயோ, பெட்டை விழப்போகுது, பிடியுங்கோ!” என்று கத்தினார் சித்தப்பா முருகேசு.

அவள் விழவில்லை. உள்ளே தொங்கிய கயிற்றை மெல்ல இழுத்தாள். ஒரு பால்மாப் பேணி, பழைய தகர டப்பா, மேலே வந்தது. அதற்குள் மூன்று இன்சுலின் குப்பிகள். வாளி ஒருமுறை இடித்திருந்தால் மூன்றும் போயிருக்கும்.

சண்டையால் நீர்வேலியில் கரண்ட் நின்று மூன்று வருஷம். பிரிட்ஜ் வைத்திருந்தவர்களே அதற்குள் உடுப்பு மடித்து வைக்கிற காலம். மருந்தைக் குளிராக வைக்க ஏரம்புவின் கிணறுதான் இருந்தது. மனைவிக்காகப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள் மிதிக்கத் தொடங்கியவர், அவள் போன பிறகும் நிறுத்தவில்லை. காசு கொடுத்து மருந்து வாங்க வழியில்லாதவர்களின் கிளினிக் அட்டைகளை வாங்கிக்கொண்டு விடிய முன்னம் புறப்படுவார். சண்டையில் மருந்துக் கப்பல் வரவில்லை, மருந்தில்லை என்றால் மறுநாளும் போய் நிற்பார். அவர் முகம் அங்கே எல்லாருக்கும் அலுத்துப்போயிருந்தது, அவருக்கு அலுக்கவில்லை. அப்படி ஒரு மனிசன். நேற்றும் போய் வந்தார். இன்று விடிய நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழும்பவில்லை.

முற்றத்தில் பக்கத்து வீட்டுச் சின்னாச்சியின் ஒப்பாரி, நா வறண்டு நின்று நின்று வந்தது. நல்லம்மா பேணியுடன் அவள் முன் குந்தினாள்.

“மாமி, இண்டைக்கு ஊசி போட்டனீங்களே?”

“இல்லையடி பிள்ளை. செத்தவீட்டுச் சாமான் எடுக்கிறதே? துடக்கெல்லே.”

“அப்பா உயிரோடை கொண்டந்து வைச்சது. அதுக்கென்ன துடக்கு? வீட்டை போய்ப் போட்டு, சாப்பிட்டிட்டு வந்து அழுங்கோ.”

சின்னாச்சி குப்பியைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள்.

சுடலைக்குப் போன ஆண்கள் பின்னேரம் திரும்பினார்கள். முருகேசு தலை துவட்டியபடி சொன்னார்:

“முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடியுமட்டும் நீ படலை தாண்டப்படாது, பிள்ளை.”

“அடுத்த கிழமை மருந்துக்கு ஆர் போறது, சித்தப்பா?”

அவர் துவாயை உதறிக் கொடியில் போட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் படலைப் பக்கம் நகர்ந்தார்கள்.

“ஓம் சித்தப்பா,” என்றாள் நல்லம்மா.

பிறகு எழுந்து கொட்டிலுக்குப் போனாள். குறடு ஒன்றைத் தேடி எடுத்து, அப்பாவின் சைக்கிள் சீற்றைத் தன் உயரத்துக்கு இறக்கத் தொடங்கினாள்.